போனஸா, டார்கெட்டா, பேச்சா: டீம் சுணங்கும்போது எதில் முதலில் கை வைப்பது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீம் சுணங்கும்போது சத்தம் எதுவும் கேட்காது. காலை பதினொன்றுக்கு வந்துவிடும் அறிக்கை மதியம் இரண்டுக்கு வரும். மீட்டிங்கில் எப்போதும் குறுக்கே கேள்வி கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். "ஆயிடும் சார்" என்ற பதில் கூடிக்கொண்டே போகும். இரண்டு மாதம் இப்படியே போன பிறகு மேலே இருப்பவர் கூப்பிட்டு, "உங்க டீம்ல என்னதான் நடக்குது?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் மேனேஜர் முன்னால் நாலு வழிகள் வந்து நிற்கும். ஊக்கத்தொகை கேட்டு வாங்கித் தரலாம். டார்கெட்டை இறுக்கி, வாரம் தவறாமல் எண்களைப் பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பிக்கலாம். இல்லை, வேலை நடக்கும் விதத்தையே மாற்றலாம். நாலையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் டீம் நடத்திப் பார்த்ததில்லையோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு மேனேஜருக்கு அன்றாட வேலை போக வாரத்தில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று. பட்ஜெட் அதைவிடச் சிறியது. ஒன்றை எடுத்தால் மற்றவை தள்ளிப்போகும். அதனால் எது நல்லது என்று கேட்பதைவிட எது முதலில் என்று கேட்பதே பயன்.

நாலையும் வெவ்வேறு காலங்களில் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றை வரிசை தப்பிச் செய்து, நல்ல ஆள் ஒருவரை இழந்தும் இருக்கிறேன். அது பின்னால் வரும்.

அதற்கு முன்னால்: உண்மையிலேயே சரிந்திருக்கிறதா?

உளவியலாளர் டேனியல் கானமன், 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுத்த அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். திட்டுவதைவிடப் பாராட்டுவதே பலன் தரும் என்று அவர் சொன்னதும் ஒரு மூத்த பயிற்சியாளர் மறுத்திருக்கிறார். நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறிவிடுகிறான், இதை நான் தினமும் பார்க்கிறேன் என்பது அவர் வாதம். அவர் பார்த்தது உண்மைதான். அதற்கு அவர் கற்பித்த காரணம்தான் தவறு. வழக்கத்துக்கு மிஞ்சிய நல்ல நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சராசரிக்குத் திரும்பும்; மிக மோசமான நாளும் அப்படியே. பாராட்டும் திட்டும் நடுவில் வந்து நின்றுகொண்டு பெயரையும் பழியையும் வாங்கிக்கொள்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்து பாருங்கள். போன வாரம் குறைவாகச் செய்தவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறோம். இந்த வாரம் ஏறிவிடுகிறார். "சொன்னால்தான் வேலை நடக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இப்படித்தான் கடுமையான மேனேஜர்கள் உருவாகிறார்கள் என்று நினைக்கிறேன். பலர் கெட்ட எண்ணத்தில் அப்படி ஆவதில்லை. கண் முன்னால் தெரியும் ஆதாரம் அவர்களை ஏமாற்றுகிறது.

தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் இதையே ஒரு விளையாட்டாக நடத்திக் காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள், அதில் 800 சிவப்பு, மீதி வெள்ளை. 50 குழி உள்ள துடுப்பைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணிதான் நல்ல சரக்கு, சிவப்பு பழுது. கூட்டத்திலிருந்து சிலரைப் பிடித்து 'தொழிலாளி' ஆக்குவார். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு. ஆறு வந்தவருக்குப் பாராட்டு, பதினான்கு வந்தவருக்கு எச்சரிக்கை. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்குப் பதிமூன்று வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மறுநாள் தங்கள் அலுவலகத்தில் போய் அதே கங்காணி வேலையைத்தான் செய்வார்கள். பெட்டிக்குள் சிவப்பு மணியைப் போட்டது தொழிலாளி இல்லை.

அதனால் நான் இப்போது எந்த முடிவுக்கும் முன்னால் எட்டு வாரத்து எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஒருவருடைய எண் அவருடைய வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இருந்தால் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், ஐந்தாவது வழி. செலவே இல்லாதது, ஆனால் மேலிடத்துக்குச் சொல்லிப் புரியவைக்க ரொம்பக் கஷ்டமானது. ஒருவர் மட்டும் தொடர்ந்து ஐந்தாறு வாரம் கீழே போயிருந்தால் அவரிடமோ அவருக்கு வரும் வேலையிலோ ஏதோ மாறியிருக்கிறது. எல்லாரும் ஒன்றாக இறங்கியிருந்தால் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டியை, அதாவது வேலை நடக்கும் விதத்தை, பார்க்க வேண்டும்.

ஊக்கத்தொகை: வேகமாகத் தெரியும், விலை பின்னால் வரும்

பணம் வேலை செய்யாது என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். அது பொய். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம் 1994, 1995 ஆண்டுகளில் மணிக்கணக்குச் சம்பளத்திலிருந்து கண்ணாடிக் கணக்குச் சம்பளத்துக்கு மாறியது. ஒரு கண்ணாடி பொருத்தினால் இவ்வளவு. பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் அந்தக் கணக்குகளை அலசினார். ஓர் ஆளுக்கான உற்பத்தி ஏறத்தாழ 44 சதவீதம் கூடியிருந்தது. அதில் சுமார் பாதி, இருந்த ஆட்களே கூடுதலாகச் செய்ததால் வந்தது. மீதி பெரும்பாலும் வேகமானவர்கள் தங்கியதாலும் புதிதாக வந்து சேர்ந்ததாலும் வந்தது.

ஆனால் அந்த வேலையின் தன்மையைக் கவனியுங்கள். எண்ணலாம். ஒருவரே தனியாகச் செய்து முடிப்பது. சரியாகப் பொருத்தாவிட்டால் யார் பொருத்தியது என்று உடனே தெரியும். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் வேலைகள் குறைவு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் ஊக்கத்தொகை வேறு எங்கோ போய் இடிக்கும்.

எப்படி இடிக்கும் என்பதற்கு உலகறிந்த சாட்சி அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இத்தனை கணக்குகள் விற்றாக வேண்டும் என்ற அழுத்தத்தில் ஊழியர்கள் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் கணக்கு திறந்தார்கள். 2016இல் விஷயம் வெளியே வந்தபோது அப்படித் திறந்திருக்கக்கூடியவை ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள் என்று சொல்லப்பட்டது. வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரும் பிறவியிலேயே மோசடிக்காரர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

என் கதை இதைவிட ரொம்பச் சின்னது. வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் ஒன்பது பேர் கொண்ட டீம். மாதத்தில் அதிகப் புகார்களை முடிப்பவருக்கு ஒரு தொகை என்று அறிவித்தேன். முதல் மாதம் மொத்த எண்ணிக்கை ஏறியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த டீமில் ஒருவர் இருந்தார். சிக்கல் பிடித்த புகார்களாகவே தேடி எடுப்பார். ஒன்றை முடிக்க அரை நாள் ஆகும், ஆனால் அவர் முடித்த புகார் திரும்பி வராது. போட்டி வந்த பிறகு மற்றவர்கள் காலையில் வந்ததும் சுலபமானவற்றைப் பொறுக்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த முடிச்சுகளெல்லாம் அவர் தலையில். பட்டியலில் அவர் பெயர் கடைசிக்கு இறங்கியது. மூன்றாவது மாதம் என் மேஜைக்கு வந்து, "சார், இனிமே நானும் ஈஸியா இருக்கறதையே எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். ஏதோ வேடிக்கையாகக் கேட்கிறார் என்று சிரித்துவிட்டு அனுப்பினேன். அடுத்த இரண்டு மாதத்தில் ராஜினாமா கடிதம் வந்தது.

ஊக்கத்தொகையை நிறுத்துவதும் லேசு இல்லை. 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனையில், புதிர்க் கட்டைகளைச் சேர்ப்பதற்கு ஒரு சுற்றில் காசு கொடுத்தார். அடுத்த சுற்றில் கொடுக்கவில்லை. காசு வாங்கிப் பழகியவர்கள் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. அதுவரை பிடித்துச் செய்த வேலை, காசுக்குச் செய்த வேலையாக மாறிவிடுகிறது. பிறகு காசு இல்லையென்றால் எதற்காகச் செய்ய வேண்டும்?

அதற்காக, சம்பளமே குறைவாக இருக்கும் இடத்தில் இந்த ஆராய்ச்சியைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. உளவியலாளர் ஃப்ரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே பிரித்துச் சொன்னார்: சம்பளம், வேலைச் சூழல் போன்றவை போதாவிட்டால் மனக்குறை வரும், போதுமானால் மனக்குறை போகும், அவ்வளவுதான், வேலையில் ஈடுபாடு வருவதற்குக் காரணங்கள் வேறு. அவருடைய பாகுபாட்டை அப்படியே ஏற்காதவர்கள் உண்டு. எனக்கு அது நடைமுறையில் உதவுகிறது. பக்கத்துப் பிரிவில் அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்று தெரிந்தால், நீங்கள் வாராவாரம் உட்கார்ந்து என்ன பேசினாலும் ஏறாது.

டார்கெட்: கூர்மையான கத்தி, எல்லாக் காய்க்கும் ஆகாது

இலக்கு வைப்பதைப் பற்றி எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று சொல்வதைவிடக் குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தரும் என்பது அவர்கள் கண்டது. 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. மரம் வெட்டும் இடத்திலிருந்து மரக்கட்டைகளை லாரியில் ஏற்றிச் செல்பவர்கள், சட்டம் அனுமதிக்கும் எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று ஓர் இலக்கு சொல்லப்பட்டது. கூடுதல் காசு கிடையாது, தண்டனையும் கிடையாது. சில மாதங்களில் 90 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது.

இங்கேயும் வேலையின் தன்மைதான் விஷயம். எப்படி ஏற்றுவது என்று டிரைவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எவ்வளவு ஏற்றினோம் என்பதை எடை மேடை உடனே சொல்லிவிடும். செய்யும் விதமே இன்னும் பிடிபடாத வேலையில் இதே இலக்கு கழுத்தை நெரிக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கும் புது மென்பொருளுக்கு மாறிய டீமுக்கும் எண்ணை வைக்காதீர்கள். "இந்த மாதம் இந்த மூன்று விஷயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வைக்கலாம்.

இலக்குக்கும் அடிப்படையான ஒன்று இருக்கிறது. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் ஊழியர் ஈடுபாட்டை அளக்க 12 கேள்விகள் வைத்திருக்கிறது. அதில் முதல் கேள்வியே, வேலையில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா என்பதுதான். இது தெரியாமல் யாராவது இருப்பார்களா என்று தோன்றும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டீமில் ஒவ்வொருவரும் இந்த மாதம் தன் முக்கியமான மூன்று வேலைகள் எவை என்று ஒரு சீட்டில் எழுதட்டும். அவர்களுக்கு எவை முக்கியம் என்று நீங்கள் தனியாக எழுதுங்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதல் முறை செய்தபோது மூன்றும் ஒத்துப்போனது இரண்டு பேருக்குத்தான். மற்ற ஏழு பேரும் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், நான் பார்க்காத பக்கம். அந்தச் சோதனைக்கு ஆன நேரம் இருபது நிமிடம். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வழிகளையும்விட மலிவானது அதுதான்.

டார்கெட்டின் நிழல் போலவே வருவது ரேட்டிங். அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊழியர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. அடோபி அதற்கு ஒரு வருடம் முன்னால், 2012இல், வருடாந்திர அப்ரைசலையே எடுத்துவிட்டு அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. அடிக்கடி கருத்துச் சொன்னால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆவ்ரகாம் க்ளூகர், ஆஞ்சலோ டினிசி இருவரும் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொன்னதால் சராசரியில் நன்மை இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் போகும்போது அது நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். "இந்த மூன்றாவது பக்கத்தில் கூட்டல் தவறு" என்பது ஒன்று. "நீங்க எப்பவுமே கவனக்குறைவு" என்பது வேறு.

தனிப்பேச்சு: மெதுவானது, ஆனால் மற்ற மூன்றுக்கும் கண்

அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உற்பத்தி மாறுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த கதைதான் பிரபலம். அதன் முடிவுகளைப் பற்றி இன்றுவரை சர்ச்சை. அதிகம் பேசப்படாத பகுதி, அங்கே 1928 முதல் நடந்த பேட்டிகள். 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களோடு பேசினார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, தொழிலாளர்கள் தங்கள் மனதில் இருந்த வேறொன்றைப் பேசினார்கள். கடைசியில் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்பது என்று முறையை மாற்றினார்கள்.

நூறு வருடம் ஆகப்போகிறது. நாம் இன்னும் தனிச்சந்திப்பு என்று உட்கார்ந்து, "அந்த வேலை எந்த நிலைமையில் இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். அதை மெயிலில் கேட்டுக்கொள்ளலாம்.

நான் கேட்பது ஒரே கேள்வி. "போன ரெண்டு வாரத்துல எந்த இடத்துல சும்மா காத்துக்கிட்டு இருந்தீங்க?" சலிப்பா, பிரச்சினையா, சந்தோஷமா என்றெல்லாம் கேட்டால் "ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் போகுது" என்ற பதில்தான் வரும். எங்கே காத்திருந்தீர்கள் என்று கேட்டால் யாரையும் குறை சொல்வதுபோல் இல்லாமல் உண்மை வெளியே வரும். ஒரு முறை இப்படிக் கேட்டபோது எதிரில் இருந்த இளைஞர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பணம் திருப்பிக் கொடுக்கற கேஸ்ல அப்ரூவலுக்குத்தான் சார்."

"எத்தனை நாள் ஆகுது?"

"மூணு நாள், சில சமயம் நாலு."

"யார்கிட்ட நிக்குது?"

பேனா நின்றது. "உங்ககிட்டதான் சார்."

என் மெயிலைத் திறந்தேன். பதினேழு கேஸ்கள் என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. அந்த இளைஞரைத்தான் இரண்டு மாதமாக "வேகம் போதவில்லை" என்று குறித்துவைத்திருந்தேன். வாடிக்கையாளர் தினமும் போனில் திட்டுவது அவரை. கோப்பு தூங்குவது என்னிடம். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் அவர்களே முடிவெடுக்கலாம் என்று மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊக்கத்தொகை கொடுத்திருந்தாலும், டார்கெட் வைத்திருந்தாலும் அந்தப் பதினேழு கேஸ்கள் அங்கேயேதான் இருந்திருக்கும்.

தெரேசா அமாபிலி, ஸ்டீவன் கிராமர் இருவரும் ஏழு நிறுவனங்களில் 238 பேரிடம் வேலை நாட்குறிப்பு எழுதச் சொல்லி, ஏறத்தாழ 12,000 பதிவுகளைப் படித்தார்கள். மக்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் மிக அடிக்கடி காணப்பட்டது, தனக்குப் பொருளுள்ள வேலையில் கொஞ்சமாவது முன்னேறியிருந்தது. பெரிய வெற்றி எதுவும் தேவைப்படவில்லை. கூடவே சுமார் 670 மேனேஜர்களிடம், ஊழியரை ஊக்குவிப்பது எது என்று ஐந்து காரணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முன்னேற்றம் கடைசி இடத்துக்குப் போனது. என் பதினேழு கேஸ்களுக்கான விளக்கம் எனக்கு அங்கே கிடைத்தது.

சரி, இதற்கு என்ன செலவு? ஒன்பது பேர், ஆளுக்கு அரை மணி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரம். இருபது பேர் என்றால் ஐந்து மணி நேரம், அது நடக்காத காரியம். மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மூத்தவர்கள் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: வேலை அதிகம் என்று ரத்து செய்யக் கூடாது. இரண்டு முறை தொடர்ந்து ரத்து செய்தால், இதைத் தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

பேசிவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது அதைவிட மோசம். மூன்று சந்திப்புகளில் ஒரே தடையை ஒருவர் சொல்லி, அது அப்படியே இருந்தால் நாலாவது சந்திப்பில் வாயைத் திறக்க மாட்டார். உங்களால் சரிசெய்ய முடியாதது என்றால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக் கஷ்டத்தையோ உடல்நிலையையோ ஒருவர் சொன்னால் கேளுங்கள், வேலை நேரத்தில் என்ன மாற்ற முடியும் என்று பாருங்கள், மருத்துவராக மாறிவிடாதீர்கள்.

பேச்சுக்குப் பதிலாக வருடத்துக்கு ஒரு சர்வே போதாதா என்று எச்.ஆர். கேட்பார்கள். கேலப் கணக்குப்படி 2024இல் உலக அளவில் ஈடுபாட்டோடு வேலை செய்தவர்கள் 21 சதவீதம். உலகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல எண். ஒன்பது பேர் டீமில் யார் எங்கே நிற்கிறார் என்று அது சொல்லாது. பெயர் போடாத சர்வேயில்கூட யார் எழுதியது என்று ஒன்பது பேரில் கண்டுபிடித்துவிடலாம் என்பது அந்த ஒன்பது பேருக்கும் தெரியும்.

வேலையை மாற்றுவது: அதிகாரம் இருந்தால் மட்டும்

ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் இருவரும் 1970களில், ஒரு வேலை செய்பவருக்கு ஈடுபாடு தர அதில் இருக்க வேண்டிய ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள்: பல திறன்கள் தேவைப்படுவது, ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிப்பது, அது யாருக்கோ பயன்படுவது, சொந்த முடிவுக்கு இடம் இருப்பது, நன்றாகச் செய்தோமா என்று வேலையே காட்டிவிடுவது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றப் புறப்படுவது தேவையில்லை. ஒன்றை மட்டும் அசைத்தாலே போதும் என்பதற்கு ஆடம் கிராண்ட் 2007இல் வெளியிட்ட ஆய்வு சாட்சி. பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அவர்களில் ஒரு குழுவினர் ஐந்து நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழுவினர் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய பணம் 171 சதவீதமும் கூடியிருந்தது. எல்லா வேலையிலும் இந்த அளவுக்கு ஏறும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் உங்கள் டீம் தயாரிக்கும் அறிக்கையை யார் படிக்கிறார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்று டீமுக்குத் தெரியுமா? படிப்பவரை ஒரு நாள் பத்து நிமிடம் கூப்பிட்டு உட்காரவைக்க என்ன செலவாகும்?

எங்கிருந்து வேலை செய்வது என்பதும் இதில் சேரும். பயண முன்பதிவு நிறுவனமான ட்ரிப்.காமில் 1,612 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கேயும் மேனேஜர்கள் ஆரம்பத்தில் பாதிப்பு வரும் என்றே எதிர்பார்த்திருந்தார்கள். சோதனை முடிந்த பிறகு மனம் மாறினார்கள்.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. 'பொறுப்பு கொடுக்கிறோம்' என்ற பெயரில் அதே மாதிரி வேலையை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவது. ஒரு எக்செல் ஷீட் நிரப்புகிறவருக்கு இன்னொரு எக்செல் ஷீட் கொடுத்தால் அவருக்குச் சுமைதான் கூடும். முடிவெடுக்கும் உரிமை கூடவே போகிறதா என்று பாருங்கள். அந்த உரிமையைக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கே இல்லையென்றால் இந்த வழியைத் தள்ளிவைப்பது நல்லது. வாக்குக் கொடுத்துவிட்டு மேலே போய் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் எது முதலில்?

வேலை எண்ணக்கூடியதாக, தனித்தனியாகச் செய்வதாக, தரம் உடனே தெரிவதாக இருந்தால் என் வரிசையை மறந்துவிடுங்கள். இலக்கும் ஊக்கத்தொகையுமே சீக்கிரம் பலன் தரும். விற்பனை வேலையில் பாதியாவது இந்த வகை. அங்கேயும் வாடிக்கையாளர் திரும்பி வந்தாரா என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊக்கத்தொகை எத்தனை மாதத்துக்கு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதாக இருந்தால், அலுவலக வேலையில் பெரும்பகுதி அப்படித்தான், முதலில் எட்டு வாரத்து எண்கள், பிறகு சீட்டுச் சோதனை, பிறகு தனிப்பேச்சு. பேச்சில் திரும்பத் திரும்ப வரும் தடை எதுவோ அதை ஒன்றே ஒன்று எடுத்து நீக்குங்கள். டார்கெட் அதற்கு அப்புறம். தடை இருக்கும்போதே டார்கெட் வைத்தால் ஆட்கள் தடையைச் சுற்றிப் போகக் குறுக்குவழி தேடுவார்கள். அந்தக் குறுக்குவழி பிறகு உங்கள் தலைவலி. ஊக்கத்தொகை கடைசி, தேவைப்பட்டால்.

ஒருவர் மட்டும் இறங்கியிருந்தால் டீம் முழுவதற்கும் திட்டம் போடாதீர்கள். ஒருவருக்காக எல்லாருக்கும் தினசரி அறிக்கை என்று விதி கொண்டுவருவது மேனேஜர்கள் அடிக்கடி செய்யும் கோழைத்தனம். நானும் செய்திருக்கிறேன். நேராகப் பேசத் தயங்கியதால்தான்.

எல்லாரும் வாரக்கணக்கில் இரவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் இந்த நாலு வழியுமே பயன்படாது. முதல் உலகப் போர்க்கால வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் கணக்குகளை ஜான் பென்கவெல் 2014இல் மறுபடி அலசியபோது, வாரத்துக்கு 50 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு கூடுதல் நேரத்துக்கு ஏற்ற உற்பத்தி கிடைக்காமல் போவது தெரிந்தது. அங்கே தேவை ஆள், இல்லையென்றால் வேலையைக் குறைப்பது. ஈடுபாடு என்ற சொல்லையே அந்த டீம் முன்னால் எடுக்காதீர்கள், கோபம்தான் வரும்.

மேலிடம் பொறுமையாக இருக்குமா என்பதும் இந்த முடிவில் பாதி. ஊக்கத்தொகை முதல் மாதமே எண்ணில் தெரியும். தனிப்பேச்சு ஒழுங்காகப் பலன் தர என் அனுபவத்தில் மூன்று மாதம் ஆகிறது. முதல் இரண்டு சந்திப்பில் எல்லாரும் "நல்லாத்தான் போகுது" என்பார்கள், உண்மை மூன்றாவதில்தான் வரும். அடுத்த மாதமே ஏதாவது காட்டியாக வேண்டும் என்றால், நீக்கிய தடையைக் காட்டுங்கள். "மூன்று நாள் ஆன ஒப்புதல் இப்போது ஒரே நாள்" என்ற ஒரு வரியை எந்த மேலதிகாரியும் புரிந்துகொள்வார்.

அந்த இளைஞர் இன்னும் என் டீமில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்கிறார்: "உங்ககிட்ட எத்தனை நிக்குது சார்?" போன முறை நாலு இருந்தன. ஒன்று, ஆறு நாள் பழையது.